கடல் கொண்ட துறைமுகம்

நொய்யலாற்றங்கரையில், கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையுமே கண்டு வளர்ந்த நான், கடல் காணும் ஆவலுடன் கோவையிலிருந்து இராமேசுவரத் தீவிற்குச் சென்றேன். பாம்பனில், 1914-ஆம் ஆண்டின் பழைய பாலத்திற்கு மாற்றாக, 2025-இல் திறக்கப்பட்ட புதிய இருப்புப்பாதைப் பாலத்தைக் கண்டேன். கப்பல் வருங்கால் அதன் ஒரு பகுதி மேலெழுந்து வழிவிடும்.

நண்பகலில் தனுஷ்கோடியை அடைந்தேன். முற்காலத்தில் அது சிறந்த துறைமுகம். புகைவண்டியில் வந்தோர் அங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குச் செல்வர். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய பெரும்புயல் அந்நகரை அழித்தது. நகரை நெருங்கிய புகைவண்டியையும் கடல் விழுங்கியது. இன்று கூரையிழந்த மாதா கோயிலும் நிலையத்தின் இடிந்த சுவர்களும் எஞ்சியுள்ளன.

அருகே முதியவர் ஒருவர் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். “ஐயா, இங்கே வாழ அச்சமில்லையா?” என்றேன். “ஊரைக் கொண்டதும் இக்கடலே, சோறு இடுவதும் இக்கடலே, தம்பி!” என்றார்.

கொங்கு நாட்டின் புன்செய்க்கு மழை தருவதும், இந்நகரை அழித்த புயலைத் தந்ததும் ஒரே வடகிழக்குப் பருவமன்றோ? இயற்கையை நம்பி வாழ்வோர் அதன் சீற்றத்தையும் அறிந்து வாழ்தல் வேண்டும். அவ்வெண்ணத்துடன் மாலையில் ஊர் திரும்பினேன்.