வெயில் பெட்டியும் நானோ பொடியும்



சென்ற மாதம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து தீர்மான நோட்டை எடுக்கும் நேரத்தில் ஓர் அக்கா கேட்டார்: "மேடம், வெயில்லயே உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குற பெட்டி ஒண்ணு காட்டிட்டுப் போனாங்க. அதுல நானோ பொடி போட்டா ரெண்டு மடங்கு தண்ணி வருமாம். சங்கத்துல கடன் போட்டு வாங்கலாமா?"

ஊற்றில் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து, அள்ளி அள்ளிக் குடம் நிரப்பி, தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வருகிற ஊர் அது. ஆசை வரத்தானே செய்யும்! அன்றைக்குத் தீர்மானம் எழுதவில்லை. முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று பேசினோம். அதையே இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

பெட்டியின் வேலை நம் அடுப்படியில் தினமும் நடப்பதுதான். உலை கொதிக்கும்போது மூடியைத் தூக்கினால் அடியில் நீர்த்துளி நிற்கும். உலையில் உப்புப் போட்டிருந்தாலும் அந்தத் துளி உப்புக் கரிக்காது. ஆவி மட்டும் மேலே போகும், உப்பு கீழேயே தங்கிவிடும். வெயில் பெட்டியில் அடுப்புக்குப் பதில் சூரியன். கறுப்பு வண்ணம் பூசிய தட்டையான தொட்டி, மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, கண்ணாடியில் வழிந்து வரும் தண்ணீரைப் பிடிக்க ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால். அவ்வளவுதான். இது புதுசும் இல்லை. 1872-லேயே தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் லாஸ் சாலினாஸ் என்ற சுரங்கப் பகுதியில் பெரிய அளவில் கட்டினார்கள். நம் நாட்டில் 1978-இல் குஜராத்தின் பாவ்நகர் அருகே அவானியா கிராமத்தில் அமைத்தார்கள்.

குறை என்னவென்றால் தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுசாக ஆவியாக்க. அதனால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள சாதாரணப் பெட்டியில் நல்ல வெயில் நாளில் 2 முதல் 3 லிட்டர் வரும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் எத்தனை பெட்டி வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் குறையைப் போக்கத்தான் விஞ்ஞானிகள் நானோ பொடியைக் கொண்டு வந்தார்கள். ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோ மீட்டர். பெரும்பாலும் நூறு நானோ மீட்டருக்கும் சிறிய அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்களைத் தண்ணீரில் கலந்தால் அது நானோ திரவம். வெறும் தண்ணீருக்குள் வெயில் புகுந்து போய்விடும், அடித்தட்டுதான் சூடாகும். துகள் கலந்த தண்ணீரில் துகள்களும் வெயிலை வாங்கும், சூட்டையும் வேகமாகப் பரப்பும்.

பலன் உண்டா? உண்டு. நம் கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அலுமினியம் ஆக்சைடு கலந்த பெட்டி சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தண்ணீர் கொடுத்தது. துத்தநாக ஆக்சைடு கலந்ததில் கூடுதல் 13 சதவீதம்கூட இல்லை. இரண்டரை லிட்டர் வரும் பெட்டியில் 30 சதவீதம் என்றால் முக்கால் லிட்டர். மூன்று டம்ளர்! "இதுக்கா ரெண்டு மடங்குன்னு சொன்னாங்க?" என்று அந்த அக்காவே சிரித்துவிட்டார்.

தொந்தரவும் இருக்கிறது. தோசை மாவு கட்டி தட்டுவதுபோல இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரமே படியும். படிந்தால் பலன் குறையும். தொட்டியில் தேங்கும் உப்பைக் கழுவி விடும்போது காசு கொடுத்து வாங்கிய பொடியும் சேர்ந்து மண்ணில் போகும். காய்ந்த பொடி மூச்சில் போவதும் நல்லதில்லை, பிள்ளைகள் இருக்கிற வீடு பாருங்கள். இதனால்தான் சில ஆய்வுகளில் நானோ திரவத்தை மூடிய குழாய்க்குள் மட்டும் சுற்ற விட்டு, அந்தச் சூட்டை உப்புத் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள். அது நல்ல வழி. ஆனால் விலையும் பராமரிப்பும் கூடும். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பது எங்கள் கருத்து.

பொடி இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய. தொட்டியில் தண்ணீரை இரண்டு, மூன்று சென்டி மீட்டர் உயரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. ஆழம் கூடினால் சூடேற நேரமாகும். கண்ணாடியில் தூசி இருக்கக் கூடாது. ஆவி கசியாமல் ஓரத்தை அடைக்க வேண்டும். அடியிலும் பக்கத்திலும் சூடு போகாமல் தெர்மகோல், மரத்தூள், வைக்கோல் ஏதாவது கொடுக்கலாம். இதில் கோட்டை விட்டுவிட்டுப் பொடி வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் புதுச் சும்மாடு வாங்கின கதைதான்.

அந்தக் குழுவில் கடைசியில் கடன் எழுதவில்லை. பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்று ஓர் உறுப்பினர் வீட்டில் கிடந்தது. அதை வைத்து ஒரே ஒரு பெட்டி செய்து, ஏழு நாள் வரும் தண்ணீரைத் தினமும் மாலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து நோட்டில் எழுதுவது என்று முடிவானது. பொடி விற்க வந்தவர் மறுபடி வந்தால் அவரையும் அதேபோல ஏழு நாள் அவர் பெட்டியை வைத்து அளந்து காட்டச் சொல்வார்கள். உங்கள் ஊரில் யாராவது பெட்டி செய்தால் அளந்த கணக்கைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.