இளவேனில் வானம்: மாத வரைபடத்தை வைத்து விண்மீன் பார்க்கும் முறை

வானம் பார்க்கப் பழக ஏப்ரல், மே மாதங்கள் மிக வசதியானவை. பனி இல்லை, மழைக்காலம் தொடங்கவில்லை, பிள்ளைகளுக்கு விடுமுறை. வெக்கை தாங்காமல் எப்படியும் மொட்டை மாடிக்குப் போகிறோம். இடையில் ஒரு கோடை மழை பெய்தால் தூசி அடங்கி, மறுநாள் வானம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் விண்மீனின் பெயரைச் சொல்லிவிடும். அடுத்த நாள் அதே விண்மீனை நாமே கண்டுபிடிக்க உதவுவது தாளில் அச்சிட்ட மாத வரைபடம்தான். அதைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

1. நம் ஊருக்கு ஏற்ற வரைபடத்தை எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் பல வரைபடங்கள் வட அமெரிக்கா, ஐரோப்பா வாசகர்களுக்காக, சுமார் 40 பாகை வட அட்சரேகைக்கு வரையப்பட்டவை. சென்னை 13 பாகையிலும், மதுரையும் யாழ்ப்பாணமும் சுமார் 10 பாகையிலும் உள்ளன. துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். 40 பாகைக்கு வரைந்த வரைபடத்தை நம்பினால் வடக்கே துருவ நட்சத்திரத்தை மிக உயரத்தில் தேடுவோம். தெற்கே நமக்குத் தெரியும் விண்மீன்கள் பல அதில் இருக்கவே இருக்காது.

‘ஸ்டெல்லேரியம்’ என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊர், நாள், நேரம் கொடுத்தால் சரியான வானம் கிடைக்கும். அதை அச்சிட்டுக்கொள்ளலாம். ஆயத்த வரைபடம் என்றால் நிலநடுக்கோட்டுப் பகுதிக்கான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

போன ஆண்டின் ஏப்ரல் வரைபடம் கையில் இருந்தால் தூக்கிப் போடவேண்டாம். விண்மீன்கள் ஆண்டுதோறும் அதே நாளில் அதே இடத்துக்கு வந்துவிடும். நிலாவும் கோள்களும் மட்டுமே இடம் மாறியிருக்கும்.

2. நேரத்தைக் கணக்கிடுங்கள்

வரைபடத்தின் ஓரத்தில் அது எந்த நேரத்துக்கானது என்று எழுதியிருக்கும். விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. மாதத்துக்கு 2 மணி நேரம். எனவே ஏப்ரல் 1 இரவு 10 மணிக்கும், ஏப்ரல் 15 இரவு 9 மணிக்கும், மே 1 இரவு 8 மணிக்கும் வானம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே தாள் மாதம் முழுவதும் பயன்படுவது இதனால்தான்.

3. இருட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள்

பௌர்ணமி கழிந்த நான்காம் நாள் முதல் அமாவாசை கழிந்த நான்காம் நாள் வரை முன்னிரவில் நிலா வெளிச்சம் அதிகம் தொந்தரவு செய்யாது. தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையில் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். வரைபடம் பார்க்க டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு ஒளி கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

4. வரைபடத்தைப் பிடிக்கும் முறை

வட்டத்தின் விளிம்பு அடிவானம், நடுப்புள்ளி நம் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சி. நிலப்படத்தில் வலப்பக்கம் இருக்கும் கிழக்கு இதில் இடப்பக்கம் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்கவேண்டாம். தாளைத் தலைக்கு மேலே தூக்கி, வடக்கு வடக்கே இருக்கும்படி அண்ணாந்து பாருங்கள். திசைகள் சரியாகப் பொருந்திவிடும்.

நின்றுகொண்டு பார்க்கும்போது எந்தத் திசையை நோக்கி நிற்கிறீர்களோ, அந்தத் திசையின் எழுத்து கீழே வரும்படி தாளைத் திருப்புங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அளவில்தான் தடுமாறுவார்கள். தாளில் விரல் நீளமே உள்ள சப்தரிஷி மண்டலம் வானில் சுமார் 25 பாகை நீண்டு கிடக்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆகவே சப்தரிஷி மண்டலம் இரண்டரை முஷ்டி நீளம்.

5. பிரகாசமான விண்மீனிலிருந்து தொடங்குங்கள்

வரைபடத்தில் பெரிய புள்ளி என்றால் பிரகாசமான விண்மீன். நகரத்தில் சிறு புள்ளிகளைத் தேடி அலுத்துப்போக வேண்டாம். ஏப்ரல் நடுவில், இரவு 9 மணிக்கு, இந்த வரிசையில் செல்லுங்கள்.

வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில் இருக்கும். நான்கு விண்மீன்கள் ஒரு நாற்கரம், மூன்று விண்மீன்கள் அதன் வால். வாலுக்கு எதிர்ப்பக்கம் உள்ள இரண்டு விண்மீன்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு கீழே போனால் துருவ நட்சத்திரம். சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலேதான் இருக்கும், கட்டடம் மறைக்கலாம். வாலின் நடு விண்மீன் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி.

வாலின் வளைவை அப்படியே மூன்று முஷ்டி நீட்டினால் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. மேலும் மூன்று முஷ்டிக்குச் சற்றுக் கூடுதலாக நீட்டினால் நீலம் கலந்த வெண்மையில் சித்திரை. அதற்கு வலப்பக்கம் சற்று மேலே சிறு நாற்கரமாக அஸ்தம்.

இப்போது அண்ணாந்து பாருங்கள். உச்சியை ஒட்டி மகம். அதிலிருந்து வடக்கே அரிவாள் போல வளையும் விண்மீன்கள் சிம்மத்தின் தலை. கிழக்கே இரண்டரை முஷ்டி தொலைவில் உத்திரம் அதன் வால். மேற்கே சிவந்த திருவாதிரை மறையப் போய்க்கொண்டிருக்கும்.

6. படத்தில் இல்லாத ‘விண்மீன்’

சூரியப் பாதை வரைபடத்தில் ஒரு கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். மகமும் சித்திரையும் அதை ஒட்டியே உள்ளன. அந்தக் கோட்டருகே, படத்தில் இல்லாத பிரகாசமான ஒன்று சிமிட்டாமல் நின்றால் அது கோள்தான்.

7. மே மாதத்தில் தெற்கே திரும்புங்கள்

மே நடுவில் இரவு 9 மணிக்குத் தென்சிலுவை நேர் தெற்கே, சென்னையில் ஒன்றரை முதல் இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் சித்திரை தெற்கு நோக்கிய உச்சத்தை எட்டும். அப்போது பைனாகுலரால் சித்திரைக்கு நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். பஞ்சுபோல் மங்கலான ஒரு வட்டம் தெரியும். அது ஒமேகா சென்டாரி, சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் பல இலட்சம் விண்மீன்கள் திரண்ட கொத்து. 40 பாகையில் வாழ்பவர்களுக்கு அது அடிவானத்தை விட்டு மேலே எழுவதே அரிது. நமக்கு மூன்று முஷ்டி உயரத்தில் கிடைக்கிறது.

8. குறித்து வையுங்கள், சரிபாருங்கள்

பார்த்த விண்மீனை வரைபடத்திலேயே பென்சிலால் வட்டமிட்டு, நாளும் நேரமும் எழுதுங்கள். பங்குனி உத்திரத்தன்று நிலா உத்திரத்தின் பக்கமும், சித்திரா பௌர்ணமியன்று சித்திரையின் பக்கமும் இருக்கும். கற்றது சரிதானா என்று பார்க்க அந்த இரண்டு இரவுகளும் நல்ல சோதனை.

முதல் இரவிலேயே வானம் முழுவதையும் கற்கவேண்டாம். சப்தரிஷி, சுவாதி, சித்திரை, மகம் ஆகிய நான்கையும் வரைபடம் இல்லாமல் காட்டத் தெரிந்தால் இந்த ஆண்டுக்குப் போதும். அடுத்த வரைபடம் அங்கிருந்து தொடங்கும். இன்றே ஒரு தாளை அச்சிடுங்கள். மாடிக்குப் போகும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.