பாடிய பிள்ளைகளின் பெயர் எங்கே?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி நாடகக் குழு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றது. எட்டுப் பேர் நடித்தார்கள். எட்டுச் சான்றிதழ்கள் வந்தன. காலை வணக்கக் கூட்டத்தில் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுத்தோம். கூட்டம் கலைந்த பிறகு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், எம் பேரு எதுலயாவது வந்திருக்கா சார்?" என்று கேட்டாள்.

அந்த நாடகத்தின் வசனம் முழுவதையும் எழுதியவள் அவள்தான். மேடையில் ஏறவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தாள். படிவத்தை நிரப்பி அனுப்பியவன் நான். நடித்தவர்கள் பெயரை எழுதினேன். கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் 'செவ்வியல் உலகம்' பாடம் நடத்தியபோது அதே கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்தது. அந்த வகுப்பு அனுபவத்தை ஆசிரியத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு நகரம் தன் நாடகங்களுக்குக் கொடுத்த பரிசு

பாடநூலில் ஏதென்ஸ் என்றால் மக்களாட்சி, பெரிகிளிஸ், சாக்ரடிஸ் என்று நடத்திவிட்டுப் போகிறோம். அந்த நகரம் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் டயோனிசஸ் என்ற கடவுளுக்கு எடுத்த விழாவை நான் இம்முறை கொஞ்சம் விரித்துச் சொன்னேன். அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் திறந்தவெளி அரங்கம். துன்பியல் நாடகப் போட்டியில் மூன்று கவிஞர்கள். ஆளுக்கு நான்கு நாடகங்கள். இன்பியலுக்குத் தனிப் போட்டி. நகர மக்கள் பத்துப் பிரிவினராக இருந்தார்கள். ஒவ்வொரு பிரிவும் ஐம்பது ஆண்கள் கொண்ட ஒரு பாட்டுக்குழுவையும், ஐம்பது சிறுவர்கள் கொண்ட இன்னொரு குழுவையும் போட்டிக்கு அனுப்பியது. கணக்குப் போடச் சொன்னேன். "ஆயிரம் பேரு சார்!" என்றது வகுப்பு.

குழுவுக்கான பயிற்சிச் செலவையும் உடைச் செலவையும் வசதியுள்ள குடிமகன் ஒருவர் ஏற்க வேண்டும். பொ.ஆ.மு. 472இல் ஈஸ்கைலஸின் 'பாரசீகர்கள்' நாடகம் முதல் பரிசு பெற்றது. அதற்குச் செலவு செய்தவர், அப்போது இளைஞராக இருந்த பெரிகிளிஸ். பாடநூலில் இருக்கும் அதே பெரிகிளிஸ்தான் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

யார் தீர்ப்பது?

பரிசு என்று வந்தாலே நடுவர் யார் என்ற கேள்வியும் வந்துவிடும். ஏதென்ஸ் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. பத்துப் பிரிவுக்கும் பத்துக் குடங்கள். அவற்றில் நடுவராகத் தகுந்தவர்களின் பெயர்கள். போட்டி தொடங்கும்போது குடத்துக்கு ஒரு பெயர் வீதம் எடுப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் நேர்மையாகத் தீர்ப்பளிப்பதாக உறுதிமொழி ஏற்பார்கள். முடிவில் ஒவ்வொருவரும் தம் தீர்ப்பைப் பலகையில் எழுதித் தருவார். அந்தப் பத்தில் ஐந்தை மட்டும் குலுக்கி எடுத்து, அதன்படி பரிசு அறிவிப்பார்கள்.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். மூன்று குழுக்கள் ஆளுக்கு ஐந்து நிமிட நாடகம் போட்டன. சீட்டுக் குலுக்கிப் பத்து மாணவர்களை நடுவர்களாக்கினோம். முதலிடம் யாருக்கு என்று மட்டும் எழுதச் சொன்னேன். பத்துச் சீட்டில் ஐந்தை எடுத்துப் பிரித்தால் இரண்டாம் குழுவுக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. கைதட்டினார்கள். பிறகு மீதி ஐந்தையும் பிரித்தேன். பத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதல் குழுவுக்கு ஐந்து, இரண்டாம் குழுவுக்கு நான்கு, மூன்றாம் குழுவுக்கு ஒன்று!

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பத்துப் பேரு பாத்துட்டு அஞ்சு பேரு சொன்னத மட்டும் எண்ணுறது என்ன நியாயம் சார்?" என்று முதல் குழு சண்டைக்கு வந்தது. கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன் எழுந்தான். "யாரு சீட்டு வெளிய வரும்னே தெரியலன்னா, யாருக்குக் காசு குடுக்க முடியும் சார்?" என்றான். நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு முறை நேர்மையைக் காக்கிறது. அதே முறை பாதிப் பேர் கருத்தை விட்டுவிடுகிறது. எது பெரிது என்று மாணவர்கள் விவாதித்தார்கள். குடிமையியலை இதைவிட எப்படித் தொடங்குவது?

கடைசியில் வந்த நாடகம்

நல்ல முறை இருந்தாலும் தீர்ப்பு காலத்தைத் தாண்டி நிற்கும் என்பதில்லை. பொ.ஆ.மு. 431இல் யூரிபிடிஸ் 'மெடியா'வை அரங்கேற்றினார். ஈஸ்கைலஸின் மகன் யூஃபோரியன் முதலிடம், சோபோகிளிஸ் இரண்டாமிடம், யூரிபிடிஸ் மூன்றாமிடம். போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான்! 'மெடியா' இன்றும் உலகெங்கும் மேடையேறுகிறது. யூஃபோரியன் பெயரில் இன்று ஒரு முழு நாடகம்கூட நம்மிடம் இல்லை.

பரிசு கிடைக்காமல் திரும்பும் குழுவிடம் நாம் "பங்கேற்பதே பெருமை" என்கிறோம். பிள்ளைகள் அதை நம்புவதில்லை. இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள், நம்புகிறார்கள்.

கல்லில் யார் பெயர்?

சிறுவர் குழு வென்றால் செலவு செய்தவருக்கு வெண்கல முக்காலி பரிசு. அதை மக்கள் பார்க்கும்படி நினைவுச்சின்னம் கட்டி வைப்பார்கள். பொ.ஆ.மு. 334இல் லைசிகிரேட்டஸ் என்பவர் கட்டியது இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது. முக்காலி போய்விட்டது, எழுத்து இருக்கிறது. அதில் உள்ள செய்தியைக் கரும்பலகையில் எழுதினேன்: செலவு செய்தவர் லைசிகிரேட்டஸ், வென்றது அகமாண்டிஸ் பிரிவின் சிறுவர் குழு, குழல் வாசித்தவர் தியோன், கற்பித்தவர் லைசியாடீஸ், அந்த ஆண்டின் ஆட்சியாளர் யூவைனெட்டஸ்.

'கற்பித்தவர்' என்ற சொல்லை அடிக்கோடிட்டேன். கிரேக்கர்கள் ஒரு நாடகத்தை மேடையேற்றுவதைக் 'கற்பித்தல்' என்றே சொன்னார்கள். ஈஸ்கைலஸும் கல்வெட்டில் கற்பித்தவர்தான். நம் ஊரில் கூத்துக் குழுவின் தலைவரை 'வாத்தியார்' என்று அழைப்பதைச் சொன்னேன். ஓர் ஆசிரியரின் பெயர் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் நிற்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சென்ற ஆண்டு வாசலில் வந்து நின்ற மாணவி இப்போது இந்த வகுப்பில்தான் இருக்கிறாள். அவள் கையைத் தூக்கினாள். "பாடுன அம்பது பசங்க பேரு எங்க சார்?"

இல்லை. பணம் கொடுத்தவர், குழலூதியவர், கற்பித்தவர், ஆட்சியாளர் எல்லோர் பெயரும் இருக்கின்றன. பாடி வென்ற பிள்ளைகள் அங்கே ஒரு குழு மட்டுமே. ஏதென்ஸ் பிள்ளைகளை விட்டது. நான் எழுதியவளை விட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

அதன்பின் எங்கள் பள்ளியில் மூன்று வழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறோம்.

1. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு பெயர்ப் பட்டியல். நடித்தவர், வசனம் எழுதியவர், பாடியவர், ஒப்பனை செய்தவர், திரை இழுத்தவர், பெஞ்ச் தூக்கியவர் எல்லோர் பெயரும் அதில் வரும். மாணவர்கள் இதைக் 'கல்வெட்டு' என்று அழைக்கிறார்கள். சான்றிதழ் எட்டே வந்தாலும், வழிபாட்டுக் கூட்டத்தில் பட்டியல் முழுவதும் படிக்கப்படும்.

2. வகுப்பு அளவிலான போட்டிகளில் சீட்டு முறையில் மாணவ நடுவர்கள். ஐந்தை எண்ணுவதா, பத்தையும் எண்ணுவதா என்று முன்கூட்டியே வகுப்பே முடிவு செய்யும். முடிவு செய்தபின் மாற்றக்கூடாது.

3. போட்டி முடிந்த மறுநாள் ஒரு பாடவேளை குறைகேட்பு. ஏதென்ஸிலும் விழா முடிந்ததும் அதே அரங்கில் மக்கள் கூடி, விழா ஒழுங்காக நடந்ததா என்று பேசியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பேசும் குறைகளில் பாதி என்னைப் பற்றியது. கேட்டுக்கொள்கிறேன்.

முதல் 'கல்வெட்டை' இந்த ஆண்டு நாடகத்துக்கு எழுதவில்லை. சென்ற ஆண்டு நாடகத்துக்குத்தான் எழுதினோம். பெரிய அட்டையில் பதினான்கு பெயர்கள். 'வசனம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை அவளிடம் கொடுத்தேன். ஓர் ஆண்டு தாமதம். அவள் தன் பெயரை எழுதிவிட்டு, "கற்பித்தவர்னு உங்க பேர எழுதட்டுமா சார்?" என்று கேட்டாள். கடைசியில் எழுதச் சொன்னேன்.