உப்புக் கரையில் பழங்கார்

பழங்கார்களைப் புதுப்பிப்பது பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மழையையும் பனியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாக் நீரிணைக் கரையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, உப்பளங்கள் சூழ அமைந்த திருப்பாலைக்குடி போன்ற ஊரில் அவற்றை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், செய்த வேலை இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது. இக்கரையில் துரு என்பது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. அதற்கு அடியில் இருந்து வேலை செய்வது உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டும்போதுதான் கசிந்து நீராகிறது; ஆனால் கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காடு அளவிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே கடற்காற்று படிந்த தகடு, சித்திரை வெயிலிலும் கண்ணுக்குப் புலப்படாத ஈரப் படலம் ஒன்றைச் சுமந்துகொண்டே நிற்கிறது.

இந்த அரிப்பை ஆராய்வதற்கு உலகின் வேறு மூலைக்குச் செல்ல வேண்டிய தேவையில்லை. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் கடல்சார் அரிப்பு ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்ததும் அந்நிறுவனமே. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதற்கும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டதற்கும் காரணம் இதே உப்புதான். கனத்த எஃகு உத்திரங்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கார்த் தகட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பழங்கார் என்ற பொதுச்சொல்லுக்குள் பல வகுப்புகள் உள்ளன. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 1904 இறுதிவரை செய்யப்பட்டவற்றை மூதாதை வண்டிகள் என்றும், 1905 முதல் 1918 வரையிலானவற்றை வெட்டரன் என்றும், 1919 முதல் 1930 வரையிலானவற்றை விண்டேஜ் என்றும் பிரிக்கிறது. இந்தியச் சட்டம் இந்தப் பகுப்பைப் பின்பற்றவில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டி எதுவும் விண்டேஜ்தான். அதனால் 1970-களின் தொடக்கத்தில் வந்த அம்பாசடரும் அந்தப் பெயருக்கு உரியதாகிவிடுகிறது. வரலாற்று நோக்கில் இது பொருத்தமான பெயரிடல் அல்ல என்றாலும், அவ்விதியில் உள்ள ஒரு நிபந்தனை புதுப்பிப்போர் கவனத்துக்கு உரியது: அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். உப்பு தின்ற சேசிஸை வெட்டி எறிந்துவிட்டு, பட்டறையில் புதிதாக ஒன்றைச் செய்து பொருத்துவது எளிது; பொருத்திய பின் அந்த வண்டியை எந்தப் பெயரில் பதிவு செய்வது என்பதுதான் கடினம்.

தமிழகத்தில் மோட்டார் வண்டியின் வரலாறு, இறக்குமதியோடு உள்ளூர்க் கைத்திறனும் சேர்ந்து தொடங்கியது. குதிரை வண்டிகள் கட்டிவந்த சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். குதிரை வண்டிக்கு மரச்சட்டம் கட்டிய அதே தச்சர்களின் கைகளிலிருந்து கார்களுக்கான உடற்கூடுகள் பிறந்த காலம் அது. 1910-இல் அமைக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் மாவட்டம் செட்டிநாட்டையும் உள்ளடக்கியிருந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய நகரத்தார் வீடுகள் வழியாகவே இப்பகுதிக்குக் கார்கள் மிகுதியாக வந்தன. கடற்கரையோ வேறு கதை. சாலைப் பாலம் 1988 அக்டோபரில் திறக்கப்படும்வரை எந்தக் காரும் தன் சக்கரத்தில் உருண்டு இராமேசுவரம் தீவுக்குள் சென்றதில்லை. ரயில் வண்டியிலோ படகிலோ ஏற்றினால்தான் உண்டு. ஆகவே இக்கரையில் தேடிக் கிடைப்பவை பெரும்பாலும் முழு வண்டிகளாக இருப்பதில்லை. விளக்கு, ஹாரன், ரேடியேட்டர் மூடி எனத் துண்டு துண்டாக, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில்தான் அவை தலைகாட்டுகின்றன.

போர்க்கால வண்டிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமற் போகவே, மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரிவாயுக் கலனைத் தயாரித்தது. அடுப்புக்கரியை அரைகுறைக் காற்றில் எரித்து, அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பு அது. இத்தகைய கலன்கள் வண்டியின் பின்புறத்திலோ பக்கத்திலோ மாட்டப்பட்டன; அதற்காகச் சட்டத்தில் துளையிடப்பட்டது, தாங்கிகள் பற்றவைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவ்வண்டி புதுப்பிப்பவர் கைக்கு வரும்போது, தொழிற்சாலைப் படத்தில் இல்லாத அந்தத் துளைகளை அடைத்துவிட வேண்டும் என்ற துடிப்பு எழுவது இயல்பு. ஆனால் ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களையும் அதன் வரலாற்றின் பகுதியாகவே கருதுகிறது. புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பதற்கே அது முதலிடம் தருகிறது. மதுரைச் சீமையில் போரைக் கடந்து வந்த வண்டிக்கு அந்தத் துளைகளே பிறப்புச் சான்றிதழைவிட மேலான ஆவணம். அவற்றைச் சுற்றி அரிப்பை நிறுத்திவிட்டு அப்படியே விடுவதுதான் அறிவுடைமை.

வேலையின் முதற்படி கழுவுதல் என்பதை இக்கரைப் பட்டறைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. துருவைச் சுரண்டி எடுத்த பின்னும் குழிகளின் அடியில் குளோரைடு தங்கியிருக்கும். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், சில மாதங்களில் கொப்புளம் எழுந்து, பட்டியே ஈரத்தைப் பிடித்துவைக்கும் உறையாகிவிடும். கழுவுவதற்கான நீரும் எளிதில் அமைவதில்லை. திருப்பாலைக்குடியில் ஆழ்துளைக் குழாயிலிருந்து வரும் உவர்நீரில் கழுவுவது, உப்பை நீக்குவதற்குப் பதிலாக ஏற்றுவதாகும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்து, முதலில் அதில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, இறுதியாகப் பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் வாலைவடி நீரால் அலசுவதே நம்பத்தக்க வழி. உப்பு போய்விட்டதா என்று அறியச் சோதனை ஒன்று உண்டு: கடைசியாக அலசிய நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சில துளிகள் விட்டால், குளோரைடு எஞ்சியிருக்கும்போது நீர் பால்போல் கலங்கும், கலங்காவிட்டால் கழுவியாயிற்று என்று கொள்ளலாம். கடல் மணலை அள்ளிக் காற்றழுத்தத்தால் பீய்ச்சித் துருவை எடுக்கும் பழக்கம் இருமடங்கு கேடு. மணலோடு உப்பும் தகட்டில் ஏறும், பறக்கும் சிலிக்காத் தூள் வேலை செய்பவரின் நுரையீரலிலும் ஏறும்.

காலத்தைக் காற்றே முடிவு செய்கிறது. கிழக்கு நோக்கிய இக்கரையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் புழுதி மிகுந்தாலும் உப்பு குறைவு. வாடை கடலிலிருந்து வீசி, திறந்த உலோகம் அனைத்தின்மேலும் உப்புத் துளிகளைப் படியவைக்கும். எனவே தகட்டை வெறுமையாக்கும் வேலையைச் சித்திரைக்குப் பின் தொடங்கி, வாடை எழுமுன் எப்பாக்ஸி முதற்பூச்சை முடித்துவிடுவதும், அந்த நாள்களிலும் காலைப் பனி காய்ந்த பிறகே பூச்சைத் தொடங்குவதும் நல்லது. எப்பாக்ஸி அந்தக் காலத்துப் பொருள் அல்ல என்ற எதிர்ப்பு நியாயமானதே. ஃபோர்டு மாடல் டி கார்கள் 1914 முதல் 1925 வரை கருப்பில் மட்டுமே வந்தன. விரைந்து உலரும் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு 1920-களின் நடுப்பகுதியில் பரவிய பின்னரே மலிவு விலைக் கார்களுக்கும் பல வண்ணங்கள் வாய்த்தன. அக்காலத்து மெல்லிய மினுக்கத்தை மேற்பூச்சில் காட்டி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பூச்சில் இக்காலப் பொருளை ஏற்பது, இந்தக் கரை கோரும் சமரசம். இன்றைய பாலியூரிதேன் பளபளப்பை மேலே பூசுவதை மட்டும் அவ்வாறு நியாயப்படுத்த இயலாது.

தகட்டுக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டத்தில் இக்கரைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மேனாட்டார் ஆஷ் மரத்தில் செய்த வளைந்த விலாக்களை, வல்லமும் வத்தையும் கட்டும் நாட்டுப்படகுத் தச்சர்கள் தடுமாறாமல் செய்துவிடுவார்கள். ஏனெனில் வங்கு எனப்படும் படகின் விலாக்கட்டைக்கு, இயல்பாக வளைந்த கிளையின் நரம்போட்டம் பார்த்து மரம் தேர்வது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது, கார்ச்சட்டம் சாலைக் குலுக்கலுக்குச் சற்று நெகிழ்ந்து கொடுக்க வேண்டும் என்பதும், படகைப்போல எங்கும் இறுக்கிக் கட்டினால் மேலே உள்ள தகடு கிழியும் என்பதும்தான். மர ஆரக்கால் சக்கரம் கோடையில் சுருங்கிக் கிறீச்சிடும்போது, மாட்டுவண்டிச் சக்கரத்தைக் குளத்தில் ஊறவைப்பதுபோல் ஊறவைக்கத் தோன்றும். நடுவிலுள்ள எஃகுக் குடத்தில் நீர் புகுந்தால் வெளியேறாது என்பதால் அதைத் தவிர்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவிப் பார்ப்பது மேல்.

எஞ்சினைப் பொறுத்தவரை உப்பைவிட எரிபொருளே இப்போது பெரிய கேள்வி. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் விற்கப்படும் நிலையில், கார்புரேட்டரில் மிதக்கும் தக்கைக்குப் பூசப்பட்ட அரக்கு அதில் கரைந்துவிடும். தக்கை எரிபொருளை உறிஞ்சி மூழ்கினால் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து தீ விபத்தில் முடியலாம். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், நிறுத்திவைத்த வண்டியின் டாங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கும். தக்கையை எத்தனால் தாங்கும் பூச்சால் மூடுவதும், ஓட்டாத மாதங்களில் டாங்கை வற்றவிடுவதும் இன்றியமையாதவை. ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வண்டியில், தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி வைத்து, கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு, கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை விடுபட்டுவிடும், மணிக்கட்டு முறியாது.

பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது வீட்டு வழக்கம். தேய்த்தபின் நன்றாக அலசாவிட்டால் புளியின் அமிலம் உலோகத்தை மேலும் தின்றுகொண்டிருக்கும். முடித்த வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடுவது உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைப்பதாகும். காற்றோட்டமுள்ள பருத்தித் துணியே ஏற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடித் திரும்பிய நாளில், பிரேக்கும் சைலன்சரும் ஆறிய பிறகு, அன்றிரவுக்குள் அடிப்பாகத்தை மழைநீரால் கழுவிவிட வேண்டும். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகள் பெயிண்டால் அடைபட்டிருக்கின்றனவா என்பதை அதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.