ஆதிரை நாண்மீனும் வினைப்பயனும்

நாண்மீன்கள் 27-இல் திரு என்னும் அடை பெற்று வழங்குவன ஆதிரையும் ஓணமும் ஆகிய இரண்டே. ஆதிரை சிவபெருமானுக்குரிய நாளாதலின், அப்பெருமானை ஆதிரையான் என்றல் பண்டை வழக்கு. மார்கழித் திங்களில் தில்லையில் நிகழும் ஆருத்திரா தரிசனமும், திருவாரூர்த் திருவாதிரை விழாவின் சிறப்பை அப்பரடிகள் பதிகமாக அருளிச்செய்தமையும் சைவவுலகம் நன்கறியும்.

இங்ஙனமாகவும், சோதிட நூல் இந்நாளுக்குக் கூறும் பயன் வேறாயிருக்கின்றது. வராகமிகிரர் பிருகஜ்ஜாதகத்தில் ஆதிரையிற் பிறந்தாரை வஞ்சகர், செருக்கினர், நன்றி மறப்பவர், கொடியர் என்னும் வரிசையில் வைத்தார். முகூர்த்த நூலார் இதனை ஆயிலியம், கேட்டை, மூலம் என்பவற்றோடு சேர்த்துத் தீக்ஷ்ண நாள் என்பர். விம்சோத்தரி தசை முறையில் இந்நாளுக்குடையவன் இராகு. அவனுக்குரிய ஆண்டு 18. அன்பரொருவர் தம் பேர்த்தி இந்நாளிற் பிறந்தாளாகச் சாதகம் கணித்தவர் இச்சொற்களைப் படித்துக் காட்டக் கேட்டு மனமுடைந்து, இறைவனுடைய நாளே தம் குழந்தைக்குத் தீங்காயிற்றோ என்று எம்மை வினாவினர். அவ்வினா அவரொருவருடையதன்று. நாண்மீன் என்பது யாது, அது வினைப்பயனுக்குக் காரணமாமோ ஆகாதோ என்பவற்றைத் தெளிந்தாலன்றி இதற்கு விடை கூறலாகாமையின், அவற்றை முறையே ஆராய்வாம்.

முதற்கண், நாள் வேறு மீன் வேறு என்றறிக. ஞாயிற்று வீதியாகிய 360 பாகையை 27 கூறாகப் பகுப்பின் ஒவ்வொரு கூறும் 13 பாகை 20 கலையாம். மிதுனத்தில் 6 பாகை 40 கலை முதல் 20 பாகை வரையுள்ள கூறே ஆதிரை நாள். பிறப்பு நிகழும் பொழுது திங்கள் அக்கூற்றினுள் நிற்பின், ஆதிரையிற் பிறந்ததென்பர். மீனோ, மார்கழி முன்னிரவிற் கீழ்த்திசையிற் செந்நிறமாக விளங்கும் ஒற்றைச் சுடர். மேனாட்டார் பெட்டல்கியூசு என வழங்கும் மீனையே ஆதிரையெனப் பெரும்பாலார் கொள்வர். சித்திரா பட்ச அயனாம்சங்கொண்டு கணிப்பின், அது நிற்குமிடம் மிதுனத்தில் ஏறத்தாழ 5 பாகையாம். அவ்விடம் மிருகசீரிடக் கூற்றைச் சார்ந்ததேயன்றி ஆதிரைக் கூறன்று. மேலும், அம்மீன் ஞாயிற்று வீதிக்குத் தெற்கே ஏறத்தாழ 16 பாகை விலகி நிற்பது. திங்களோ அவ்வீதியினின்று 5 பாகைக்குச் சிறிதே மிகுதியாக விலகுவது. ஆகவே திங்கள் அம்மீனை ஒருகாலும் சென்று கூடுவதில்லை. சூரிய சித்தாந்தமும் நாட்கூற்றை வேறாகவும், அதற்கு அடையாளமாகிய யோகதாரையை வேறாகவும் வைத்துக் கூறிற்று. இனி, வாக்கியம் திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் நாள் தொடங்கும் நாழிகையிற் சிறிது வேறுபடுதலின், எல்லையிற் பிறந்த குழந்தைக்கு ஒன்றன்படி மிருகசீரிடமும் மற்றொன்றன்படி ஆதிரையும் நாளாதலுமுண்டு. இவற்றால், நாளென்பது கணித நூலோர் வானை அளத்தற்கு இட்ட எல்லையென்பது பெறப்படும். எல்லை அளவையாவதன்றிக் கருத்தாவாகாது.

அற்றேல், நாள் அளவையேயாயினும், மீன் நிலைபெற்ற பொருளன்றோ, அதற்கு ஆற்றலின்றோ எனின், கூறுதும். கோண்மீன்களைப்போல் இடம்பெயராமை பற்றியே ஏனையவற்றை நிலைமீன் என்றனர். அந்நிலைபேறு நம் கண்ணளவினதே. 1718-ஆம் ஆண்டில் ஹாலி என்னும் ஆங்கிலேய வானநூலார், பண்டை அளவுகளோடு ஒப்புநோக்கி, லுப்தகன் முதலிய சில மீன்கள் இடம்பெயர்ந்திருத்தலைக் கண்டனர். ஆதிரை மீனோ, 2019 இறுதியில் ஒளி மழுங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியிற் பாதிக்கும் குறைவாகிப் பின்னர்த் தெளிந்தது. அம்மீன் உமிழ்ந்த பொருள் குளிர்ந்து துகளாகித் தன்னையே மறைத்ததென ஆராய்ந்தோர் கூறுவர். அது முதிர்ந்த மீனென்பதும், ஓரிலக்கம் ஆண்டினுள் வெடித்தழியுமென்பதும் அவர் மதிப்பு. தோன்றி நின்று ஒடுங்குவதாகலின் அது மாயாகாரியம், மாயாகாரியமாகலிற் சடம். தன் ஒளியையே தான் காத்துக்கொள்ளமாட்டாத சடப்பொருள் ஓர் உயிரின் குணத்தை எங்ஙனம் வகுக்கும்?

இனி, வினைப்பயன் உயிரை வந்தடையுமாறு யாதெனின்: வினையும் சடமாகலின் தானே சென்று பற்றமாட்டாது. உயிரும் தனக்குரிய பயனைத் தானே அறிந்தெடுக்கும் ஆற்றலுடையதன்று. ஆகலின் முதல்வனே தன் ஆணையால் வினைப்பயனைக் கூட்டுவிக்கின்றான் என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தாற் கொள்ளப்படும். பெறுதல், இழத்தல், இன்புறுதல், நோயுறுதல், மூத்தல், இறத்தல் என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்பது சிவஞான சித்தியார் துணிபு. கருவிலமைந்ததனைத் திங்கள் பல கழிந்து பிறக்கும் நாழிகையில் நின்ற நாள் எங்ஙனம் படைக்கும்? முன்னதற்குப் பின்னது காரணமாதல் யாண்டுமின்று. எனவே, நாள் காரகவேதுவன்று. கொள்ளுமிடத்து ஞாபகவேதுவாகவே கொள்ளப்படும். புகை நெருப்பை அறிவிக்கும்; நெருப்பை உண்டாக்காது. வராகமிகிரரும் தம் லகுஜாதகத்தில், சோதிட நூல் முற்பிறப்பின் வினைப்பயனை விளக்கிருந்து காட்டுவதுபோலக் காட்டும் என்னுங் கருத்தே கூறினார். ஆகவே அவர் நூலும் நாளை வினைமுதலாக்கவில்லை என்க.

இன்னுமொன்று நோக்கற்பாலது. கருவிலமைந்த ஆறும் நுகர்ச்சி. நன்றி மறத்தலும் கொடுமை செய்தலுமோ நுகர்ச்சியல்ல, செயல்; செய்வார்க்கு ஆகாமியமாய் ஏறுவன. முன்னை வாசனை பற்றி அவற்றின்கண் நாட்டஞ் சிறிது தோன்றினும், நல்லாரிணக்கத்தாலும் சிவவழிபாட்டாலும் அது மாறுதல் கண்கூடு. பிறந்த பொழுதே ஒரு குழந்தையை நன்றி மறப்பவளெனத் துணிதல், அவள் இனிச் செய்யாத வினைக்கு இன்றே தண்டம் விதித்தலாம்.

அஃதேல், நாள் நோக்குதலையே ஒழித்தல் வேண்டுமோ எனின், வேண்டா. திருமறைக்காட்டிற் பாண்டிநாட்டுக்குப் புறப்பட்ட ஆளுடைய பிள்ளையாரை, கோணிலை நன்றாயில்லை என்று தடுத்தவர் அப்பரடிகள். அதுபற்றிப் பிள்ளையார் அருளிச்செய்தது கோளறு பதிகம். அதன்கண் கோள்களேயன்றிச் செலவுக்கு ஆகாவென்னும் நாண்மீன்களும் எண்ணப்பட்டன. அவை இல்லையென்று பிள்ளையார் கூறிற்றிலர். பெருமான் உளம் புகுந்த அடியார்க்கு அவை நல்லனவாம் என்றே அருளினார். நாளுங் கோளும் ஆணைவழி நிற்பன என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று யாது? ஆதலின், தீக்கைக்கும் விழாவுக்கும் நாள் நோக்குதல் முறையே. நாள் காட்டிய அச்சத்தால் மணத்தை விலக்குதலும், மகவை வெறுத்தலும் முறையல்ல.

இனி ஆதிரையின் பொருள் காண்பாம். ஆர்த்திரம் என்னும் வடசொற்கு ஈரம் என்பது பொருள். தமிழில் ஈரமென்பது நீர்மையையும் அன்பையும் ஒருங்குணர்த்துஞ் சொல். இந்நாளின் தெய்வமாகிய உருத்திரன் என்னும் பெயர்க்குத் துன்பத்தை ஓட்டுபவன் எனப் பெரியோர் பொருள் கூறுவர். அவன் கொள்ளுங் கடுமை மறக்கருணையே. சாதக நூலார் அக்கடுமையை மட்டும் நோக்கினர். சைவர் அதனுள் நின்ற கருணையை நோக்கித் திரு என்னும் அடை தந்தனர். அத்திருவும் மீனுக்கு இயல்பாயுள்ளதன்று. நாயகன் பற்றி வந்தது.

ஆகவே அவ்வன்பர்க்கு யாம் கூறிய விடை இது: நும் பேர்த்தி பிறந்த நாள் அவளுக்குத் தீங்கு செய்வதுமன்று, தானே நன்மை செய்வதுமன்று. ஆண்டுதோறும் அந்நாள் வரும்பொழுது அவளைச் சிவசந்நிதிக்கு அழைத்துச் செல்லுக, அஞ்செழுத்தை ஓதுவிக்க. அச்சொற்களை அவள் செவியில் ஒருநாளும் விழவிடாதொழிக. நிலைமீன் எனப்பட்டனவும் நிலையாமையை உடையன. நிலையுடைய பொருள் ஒன்றே; அதனைப் பற்றினார்க்கு எந்நாளும் நன்னாளே.

திருச்சிற்றம்பலம்.