முள் 60-ல், லாரி 62-ல்

கேள்வி: லாரிக்கு 9.00-20 டயரைக் கழற்றிவிட்டு 10.00-20 மாட்டியாயிற்று. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுகிறதே, சரிசெய்ய முடியுமா?
– லாரி உரிமையாளர், ராஜபாளையம்

பதில்: முடியும். மீட்டர் எண்ணுவது சுற்றுகளை மட்டுமே. பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 1,020 மி.மீ., புதியது 1,055. ஒரு சுற்றுக்கு 11 செ.மீ. கூடுதல் ஓட்டம், முள் 60 காட்டினால் உண்மை வேகம் 62.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையின் கிலோமீட்டர் கற்களே சாட்சி. முள்ளை 60-லேயே வைத்து ஓட்ட, கிளீனர் நேரம் பார்க்கட்டும். 5 கி.மீ. கடக்க 300 விநாடி ஆக வேண்டும், 290-லேயே முடிந்துவிடும்.

கேபிள் மீட்டர் என்றால் கியர்பாக்ஸில் அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். எலெக்ட்ரானிக் மீட்டரில் டயர் அளவை சர்வீஸ் சென்டரில் கணினி வழியே திருத்துவார்கள். வேகக்கட்டுப்பாட்டுக் கருவியையும் அப்போதே சோதிக்கச் சொல்லலாம்: 80-ல் பூட்டியது 83 வரை விட்டுக்கொடுக்கும்.