தீவகத்தின் அமைதிக்கு எத்தனை வயது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்களில் பலர் பயணத்தின் கடைசி நாளை, குடாநாட்டை அடுத்த தீவுகளான தீவகத்துக்கென்று ஒதுக்குகிறார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன அமைதியான ஊர், கடலோரத்தில் இடிந்த கோட்டை, வெளியில் மேயும் குதிரைகள், ஒரு கோயில் தரிசனம். வாடகை வாகனம் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் போடும் கணக்கு. இந்தக் கணக்கில் வரலாறும் பிழை, செலவும் பிழை. இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. அங்கே பழைய கற்கள் மட்டுமே இருக்கின்றன என்று எண்ணுகிறவர் ஊர்மக்கள் ஏறும் பஸ்ஸையும் படகையும் தேடுவதில்லை. அந்தப் பஸ்ஸிலும் படகிலும் ஏறாதவரின் கண்ணில், அங்கே இன்றும் வாழ்கிறவர்கள் படுவதில்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய மூன்று இடங்களைப் பற்றி நிலைத்துவிட்ட ஐந்து நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: ஊர்காவற்றுறை ஐரோப்பியர் உருவாக்கிய துறைமுகம்.

உண்மை: ஐரோப்பியர் வந்தபோது அந்தத் துறைமுகம் ஏற்கெனவே பல நூற்றாண்டு பழையது. இதற்குச் சான்று பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டங்கள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் ஆளுக்குப் பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. சிங்கள மன்னன் ஒருவன் வடக்கின் துறைமுகத்துக்குத் தமிழில் சட்டம் எழுதியிருக்கிறான் என்றால், அங்கே வந்துபோன வணிகருக்கும் துறையை நடத்தியவருக்கும் தமிழ் பொதுமொழியாக இருந்தது என்றுதான் கொள்ளவேண்டும். உடைந்த கலத்தின் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்பதுவரை விதி வகுத்தார்கள் என்பதிலிருந்து, அங்கே வந்த கலங்களின் போக்குவரத்து எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதையும் ஊகிக்கலாம். ஊர்காவற்றுறை இருக்கும் தீவின் கிழக்கு முனையிலுள்ள அல்லைப்பிட்டியில் 1970களில் சீனத்து சொங் அரசவம்சக் காலத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே மீண்டும் அகழ்ந்தார்கள்.

அப்படியானால் காலனிக் காலத்தை ஒதுக்கிவிடலாமா என்று கேட்கலாம். ஒதுக்கக்கூடாது, வரிசையில் அதற்கு உரிய இடத்தில் வைக்கவேண்டும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீர்வழியைக் காத்து நிற்கும் கடற்கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் திருத்தி வலுப்படுத்தினார்கள். தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியவர்களும் அவர்களே. ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லெய்டன், காரைநகர் அம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட் என்று வரைபடங்களில் ஏறின. இன்று வழக்கில் நிலைத்திருப்பது டெல்ப்ட் ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்தில்தான். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று ஆட்சிகளும் ஏற்கெனவே இருந்த துறையின் வருமானத்தையும் காவலையும் கைப்பற்ற வந்தவை. கோட்டையைப் பார்க்கும்போது, எதைக் காக்க இது கட்டப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் கோட்டைக்கே பொருள் கிடைக்கிறது.

காலனிக் காலத்தை இந்த ஊர் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஊர்காவற்றுறைக்கு அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். கத்தோலிக்கக் குருவான அவர், போர்த்துக்கேயர் காலத்துத் தமிழ் அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடினார். 1679இல் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே. ஆண்டவர்களின் மதமும் மொழியும் வந்திறங்கிய கரையில் பிறந்த ஒருவர், அவற்றையே கருவியாகக் கொண்டு தமிழின் வரலாற்றை மீட்டிருக்கிறார். ஊர்காவற்றுறையைக் காலனி ஊர் என்று அழைப்பவர் இந்த அத்தியாயத்தையும் வாசித்துவிட்டுத்தான் அழைக்கவேண்டும்.

நம்பிக்கை 2: இடிந்த வீடுகளும் ஆளில்லாத ஒழுங்கைகளும் பழைமையின் அடையாளம், அமைதி இந்த மண்ணின் இயல்பு.

உண்மை: தீவகத்தில் ஒரு பயணி காணும் இடிபாடுகளில் மிகப் பல, நடுவயதுக்காரர் ஒருவரின் வாழ்நாளுக்குள் உண்டானவை. உள்நாட்டுப் போரில் 1990இலும் 1991இலும் நடந்த இராணுவ நடவடிக்கைகளின்போது வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பகுதிகளின் மக்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தார்கள். பிறகு கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனவர்கள் பலர். கூரை போன வீட்டின் முற்றத்தில் ஆலும் வேம்பும் வளர இருபது ஆண்டு போதும். கவிஞர் சு. வில்வரத்தினம் தம் ஊரான புங்குடுதீவு வெறுமையானதைப் பாடிய தொகுப்புக்குக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று பெயரிட்டார். அந்த வெறுமையை நேரில் கண்டவர் அதை அழகென்று சொல்லவில்லை.

கட்டடத்தைக் கிட்ட நின்று பார்த்தால் இரண்டு காலத்தையும் பிரித்தறியலாம். நெடுந்தீவுக் கோட்டையின் சுவர் தடித்த முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. கல்லின் முகத்தில் பவளப்பூச்சிகள் விட்டுப்போன நட்சத்திரக் குழிகளும் வளைந்து செல்லும் வரிகளும் தெளிவாகத் தெரியும். ஒழுங்கையோரத்து வீடுகளிலோ சீமெந்துத் தூண், வார்ப்பு நிலம், யன்னலில் இரும்புக் கம்பி, சில இடங்களில் சுவரில் சன்னம் துளைத்த ஓட்டை இருக்கும். இது ஒல்லாந்தர் வீடல்ல; ஆசிரியரோ, கொழும்பில் கடை வைத்திருந்தவரோ சேமித்த காசில் கட்டிய வீடு. அதற்கு உரிமைக்காரர் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடும் இருக்கலாம். ஆகவே உள்ளே புகுந்து படம் எடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு சொல் கேட்பது முறை.

துயரம் நடந்த இடத்துக்குச் சுற்றுலா போவதே தவறு என்றும் சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தின் பின்னால் உள்ள மரியாதை உண்மையானது. முடிவோடு மட்டும் உடன்பட முடியாது. போகாமல் இருப்பதால் ஊருக்கு எந்த நன்மையும் வருவதில்லை. தெரியாமல் போவதுதான் கெடுதல். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குழந்தை உட்பட முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினார்கள். அதே கடல்வழியில்தான் இன்றைய பயணியும் போகிறார். இதை அறிந்து படகேறுகிறவர் அங்கே நடந்துகொள்ளும் விதமே வேறாக இருக்கும்.

நம்பிக்கை 3: சொந்த வாகனமும் வழிகாட்டியும் இல்லாமல் தீவகம் பார்க்க முடியாது.

உண்மை: தீவக மக்கள் நாள்தோறும் பஸ்ஸிலும் படகிலும்தான் வந்துபோகிறார்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்கப் பஸ் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாக, புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறது. தாம்போதிகளில் இருபுறமும் ஆழமில்லாக் கடல் விரிந்து கிடக்கும். அந்தக் காட்சியைக் காண எந்த வாடகை வாகனமும் தேவையில்லை. பஸ்ஸின் யன்னலோரம் போதும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் ஏறக்குறையக் கால்மணி நேரம், நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே பஸ் உண்டு. அங்கிருந்து காரைநகருக்கு நீர்வழியைக் கடக்க, ஊரார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவை ஓடுகிறது. அதில் போகும்போது கடற்கோட்டை கண்ணில் படும். காரைநகரிலிருந்து பொன்னாலை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பஸ். ஒரே வழியில் போய்த் திரும்பாமல் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. செலவு பஸ் கட்டணம் அளவில்தான்.

ஊர்மக்களின் படகில் சுற்றுலாப் பயணிகள் இடம்பிடித்தால் நோயாளியும் ஆசிரியரும் மாணவரும் எங்கே போவார்கள் என்ற எதிர்வாதம் இங்கே வலுவானது. நெடுந்தீவுக்காரருக்குப் படகு வெறும் போக்குவரத்து அல்ல. வைத்தியசாலைக்கும் அலுவலகத்துக்கும் போக வேறு வழியே கிடையாது. இதற்கு விடை நேரத்தைத் தெரிவதில் இருக்கிறது. நயினாதீவில் ஆனி மாதத் திருவிழா, போயா எனும் பௌர்ணமி நாட்கள், பாடசாலை விடுமுறை, சனி, ஞாயிறு ஆகியவற்றைத் தவிர்த்து வேலைநாளின் நடுப்பகுதியில் போனால் நெருக்கடி குறைவு. வரிசையில் ஊரவருக்கு முதலிடம் விடவேண்டும். சோளகக் காற்று பலக்கும் மாதங்களிலும் வாடைக்கால மழையிலும் கடல் கொந்தளிக்கும். படகு நிற்கும் நாட்களும் உண்டு. அப்போது ஓட்டுநரோடு வாதாடாமல் திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும். தனிவாகனத்தில் வருகிறவர் இந்தப் பொறுமையைத் தவிர்த்துவிடலாம் என்று நினைக்கிறார். ஆனால் அவரும் குறிகட்டுவானில் வாகனத்தை விட்டுவிட்டு அதே படகில்தான் ஏறவேண்டும்.

நம்பிக்கை 4: ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம்; அதுதான் சிக்கனம்.

உண்மை: ஒரு நாளில் மூன்றுக்கும் ஓடுகிறவர் இறங்குதுறைகளைத்தான் பார்க்கிறார். நெடுந்தீவு ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவுள்ள தீவு. வெயில் கடுமையாக இருக்கும், நிழல் குறைவு. கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்திலுள்ள பழைய முருகைக்கல் தூபிகளின் அடித்தளங்கள் என எல்லாம் ஒன்றுக்கொன்று தொலைவு. திரும்பும் படகு நாளுக்குச் சில தடவைதான். தவறவிட்டால் தனிப்படகு பிடிக்கவேண்டும், மிச்சம்பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். ஆகவே நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள், முடிந்தால் ஓர் இரவு. நயினாதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் வேறு ஒரு நாள். எண்ணிக்கையைக் குறைப்பதுதான் இங்கே மெய்யான சிக்கனம்.

அவசரத்தில் தவறிப்போவது காட்சிகள் மட்டுமல்ல, விளக்கங்களும்தான். நெடுந்தீவின் குதிரைகளை ஒல்லாந்தரின் காட்டுக்குதிரைகள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவை காட்டுவிலங்குகள் அல்ல. ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டு, பிறகு பராமரிப்பார் இல்லாமல் கட்டாக்காலியாகிப் பெருகிய கூட்டம் அது. ஆங்கிலேயர் காலத்திலும் அங்கே குதிரைப்பண்ணை நடந்தது. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வரட்சி நீளும் ஆண்டுகளில் தண்ணீரின்றிக் குதிரைகள் சாகின்றன. மக்களுக்கும் அதே தட்டுப்பாடு. தீவின் பல கிணறுகள் உவர். நன்னீர் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே போகிறவர் தமக்கு வேண்டிய குடிநீரைத் தாமே கொண்டுபோவதும், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவருவதும் மரியாதையின் முதற்படி. வீட்டு எல்லைகளில் சாந்து எதுவுமின்றிக் கல்மேல் கல் பொருத்தி அடுக்கிய முருகைக்கல் வேலிகளில் ஏறுவதும், நினைவுக்காக ஒரு கல்லை உருவுவதும் கூடாது. ஒரு கல் கழன்றால் அந்த வரிசையே சரியும். முருகைக்கல் இனிக் கடலிலிருந்து எடுக்கக்கூடிய பொருளும் அல்ல.

நம்பிக்கை 5: சிக்கனமாக வருகிறவரால் ஊருக்குப் பயனில்லை.

உண்மை: ஊருக்குப் பயன் தருவது செலவின் அளவு அல்ல, செலவு போய்ச்சேரும் இடம். யாழ்ப்பாண நகரில் வாடகை வாகனம் பிடித்து, நகர ஹோட்டலில் கட்டிய சாப்பாட்டோடு தீவுக்குப் போய், அன்றே திரும்புகிறவர் ஏராளமாகச் செலவழிக்கிறார்; தீவில் ஒரு தேநீர்க் காசுகூட விழுவதில்லை. பஸ்ஸில் வந்து, நெடுந்தீவில் நாலு பேராகச் சேர்ந்து ஓர் ஆட்டோவை அமர்த்தி, அங்கேயே மீன்கறியும் சோறும் தின்று, ஊர் வீடொன்றில் இரவு தங்கி, புறப்படும்போது பனங்கட்டியோ ஒடியலோ வாங்குகிறவர் அதில் சிறு பங்குதான் செலவழிக்கிறார். ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் தீவிலேயே தங்குகிறது. நயினாதீவில் அம்மன் கோயிலருகே அமுதசுரபி மண்டபத்தில் வருகிறவர்க்கெல்லாம் அன்னதானம் உண்டு. அது அடியாருக்கான கொடை; சிக்கனப் பட்டியலில் எழுதும் இலவசச் சாப்பாடு அல்ல. பந்தியில் இருப்பவர் இயன்றதை உண்டியலில் இடுவது நியாயம்.

இதையெல்லாம் பார்க்கும்போது சிக்கனப் பயணமும் பொறுப்பான பயணமும் தீவகத்தில் ஒரே வழியில்தான் போகின்றன. தனித்து, விரைந்து, வசதியாகப் போகப்போகச் செலவும் கூடும், ஊரும் விலகிப்போகும். ஊர்மக்களோடு, அவர்கள் நேரத்துக்குப் போகிறவருக்கு இரண்டும் மாறி அமையும். போரில் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் தங்கள் பெற்றோரின் ஊரைப் பார்க்க வருகிறார்கள். 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியபின் தமிழ்நாட்டிலிருந்தும் கடல்வழியாக வர முடிகிறது. அவர்களும் தீவகத்தைப் பழங்கல்லாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் இழப்பு ஊருக்குத்தான். பராக்கிரமபாகு காலத்தில் வந்தவர்களை வரவேற்றுக் காத்த துறை, ஐரோப்பியருக்கு வரி கொடுத்த துறை, 1990களில் ஆளிழந்த துறை ஆகிய மூன்றும் ஊர்காவற்றுறையே. திரும்பி வந்து கூரை போட்டுக் குடியிருப்பவர்கள் நாலாவது அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பயணி செலவிடும் காசும் காட்டும் மரியாதையும் அவர்களுக்குப் போய்ச்சேரவேண்டும். தீவகத்துக்குப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறில்லை.